முன் வரிசை டிக்கெட்டும் லேக் கார்டன்ஸ் அம்மாவும்

"பிஸினஸ் க்ளாஸா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்காடா?"

லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வி, "அந்தக் காசுக்கு இங்க ஒரு வருஷத்து மளிகை சாமான் வாங்கிடலாமே?" நியாயமான கேள்விதான். என்னிடம் உடனே பதில் இல்லை.

நான் இருப்பது ஜெர்மனியில், பிராங்க்பர்ட் பக்கத்தில். அம்மா இருப்பது கல்கத்தாவில். (2001ல் கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் கல்கத்தாதான், மன்னிக்கவும்.) வயது 76. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். 2018ல் எகானமியில் வந்தார். நடுவில் விமானம் மாறும் இடத்தில் வீல்சேருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, அடுத்த விமானத்தில் நடு இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து, இங்கே வந்து இறங்கியபோது இரண்டு காலும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமேல் இவ்வளவு நேரம் இப்படி உட்கார வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா வரவே இல்லை. பேரன் பாட்டியைப் போன் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்தான்.

ஆக, என் பிரச்சினை ஆடம்பரம் இல்லை. அம்மாவைப் படுக்க வைத்துக் கூட்டிவர வேண்டும், அதற்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு சீட்டு வேண்டும். தேடத் தேட, இதற்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது என்று புரிந்தது. அதில் பாதி எங்கள் ஊர் சரித்திரம். அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், காபியோடு உட்காருங்கள்.

லேக் மார்க்கெட் தமிழர்கள்

தெரியாதவர்களுக்கு: தெற்குக் கல்கத்தாவில் 1920களில் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வெட்டிய பெரிய ஏரி ஒன்று உண்டு. டாக்குரியா லேக். 1958ல் ரவீந்திர சரோவர் ஆனது. ஏரிக்கு வடக்கே ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட். தெற்கே, பட்ஜ் பட்ஜ் போகும் ரயில் பாதையைத் தாண்டினால் லேக் கார்டன்ஸ். வடக்கே வாடகை கட்டி அலுத்தவர்கள் பலர் பிறகு தெற்கே ஃப்ளாட் வாங்கிக் குடிபோனார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

ஹவுராவுக்கும் மெட்ராஸுக்கும் கடற்கரையோர ரயில் பாதை வந்த பிறகு, தஞ்சாவூர், திருச்சி, பாலக்காட்டுப் பக்கமிருந்து இங்கிலீஷும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்த இளைஞர்கள் கல்கத்தாவுக்கு வண்டி ஏறினார்கள். அப்போது இந்தியாவின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் பல இங்கேதான். தேயிலை, சணல், நிலக்கரி, எஞ்சினியரிங் எல்லாவற்றுக்கும் டல்ஹௌசி ஸ்கொயர் பக்கம் ஒரு ஆபீஸ் இருக்கும். அந்த ஆபீஸில் ஒரு தமிழ் ஸ்டெனோவோ அக்கவுண்டண்ட்டோ இருப்பார். அவர்களுக்காக லேக் மார்க்கெட்டில் வாழை இலை, மல்லிகைப்பூ, முருங்கைக்காய் வந்தன. தேசப்ரியா பார்க்குக்கு எதிரே கோமளவிலாஸ் இருந்தது.

அப்பா 1961ல் அப்படி ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தார். பெரிய துரைகள் லண்டன் போவார்கள். அதற்கான கடிதங்களை டைப் செய்வது, ரிசர்வ் வங்கியின் 'பி' படிவம் நிரப்புவது, விமானக் கம்பெனி ஆபீஸுக்குப் போய் டிக்கெட் வாங்கி வருவது எல்லாம் அப்பாவின் வேலை. நூற்றுக்கணக்கான முதல் வகுப்பு டிக்கெட்டுகள் அவர் கையால் போயிருக்கும். அவர் போனதெல்லாம் மெட்ராஸ் மெயில், 1977க்குப் பிறகு கோரமண்டல் எக்ஸ்பிரஸ். விமானத்தில் ஏறாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

டம் டம் என்ற ஜங்ஷன்

அந்தக் காலத்துக் கல்கத்தா விமான நிலையம் இன்றைய துபாய் மாதிரி என்று சொன்னால் என் பையன் சிரிக்கிறான். ஆனால் பெரிய பொய் இல்லை.

1924ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கே.எல்.எம். முதல் முறையாக விமானம் விட்டபோது அது கல்கத்தாவில் இறங்கித்தான் போனது. 1929ல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியது. ஒரு வழிக்கட்டணம் 130 பவுன். அந்தப் பணத்தில் அன்று இங்கிலாந்தில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். 1933ல் அந்தச் சேவை கல்கத்தாவரை நீண்டது. 1947 ஜூனில் பான் ஆம் உலகைச் சுற்றும் தன் சேவையைத் தொடங்கியபோது டம் டம்மும் ஒரு நிறுத்தம். உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட், லண்டன் சிங்கப்பூர் வழியில் இங்கே நின்றது. 1953 மே 2ஆம் தேதி டம் டம்மிலிருந்து கிளம்பிய ஒரு காமெட், புயல் மழையில் சிக்கி உடைந்து விழுந்து அதிலிருந்த 43 பேரும் இறந்தார்கள்.

ஏன் எல்லாரும் கல்கத்தாவில் இறங்கினார்கள்? ரசகுல்லாவுக்காக இல்லை :-) அன்றைய விமானங்களால் ஒரே மூச்சில் அதிக தூரம் பறக்க முடியாது. பெட்ரோல் போட ஒரு இடம் வேண்டும். இறங்கும் இடத்திலேயே பணக்காரக் கம்பெனிகளும் இருந்ததால் ஏற்றிக்கொள்ள ஆளும் கிடைத்தது.

சாண்ட்விச் சண்டையிலிருந்து பிஸினஸ் க்ளாஸ் வரை

இப்போது வகுப்புகளின் கதை. ஆரம்பத்தில் விமானத்தில் வகுப்பே கிடையாது. ஏறியவர்கள் எல்லாருமே பணக்காரர்கள், எதற்குத் தனி வகுப்பு? 1945ல் ஹவானாவில் அமைந்த ஐயாட்டா என்ற சங்கத்தில் கம்பெனிகள் கூடிப் பேசி, எல்லாரும் ஒரே கட்டணம் என்று வைத்துக்கொண்டன. 1952 மே மாதம் அட்லாண்டிக் கடல் வழியில் டூரிஸ்ட் க்ளாஸ் வந்தது. 1958 ஏப்ரலில் அதைவிட மலிவாக எகானமி.

விலை ஒன்றுதான் என்பதால் போட்டி சாப்பாட்டில் வந்தது. எகானமிக்காரர்களுக்கு சாண்ட்விச் மட்டும்தான் தரலாம் என்று விதி. ஸ்காண்டிநேவியக் கம்பெனி ஒன்று சாண்ட்விச் என்ற பெயரில் தட்டு நிறைய விருந்தே வைத்துவிட, அமெரிக்கக் கம்பெனி போய்ப் புகார் கொடுத்தது. எது சாண்ட்விச், எது சாண்ட்விச் இல்லை என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணினார்கள். நிஜமாக நடந்த கதை.

1970களில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 747 போன்ற பெரிய விமானங்கள் வந்தன. இருக்கைகளை நிரப்ப வேண்டுமே, தள்ளுபடி டிக்கெட்டுகள் கிளம்பின. 1977 செப்டம்பரில் ஃப்ரெட்டி லேக்கர் லண்டன் நியூயார்க் ஸ்கைட்ரெயின் விட்டார். 1978ல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது.

இதில் வயிறு எரிந்தவர் யார் தெரியுமா? கம்பெனி வேலையாகப் போகிறவர். அவருக்கு நாளை காலை லண்டனில் மீட்டிங். முன்கூட்டி வாங்கித் தள்ளுபடி பெற முடியாது. முழு விலை கொடுத்து ஏறினால், பக்கத்துச் சீட்டில் மூன்றில் ஒரு பங்கு விலை கொடுத்த சுற்றுலாப் பயணி, மடியில் அழும் குழந்தையோடு. அவரைச் சமாதானம் செய்ய 1976ல் கே.எல்.எம்., முழு விலை கொடுத்த எகானமிக்காரர்களை முன்பக்கம் உட்கார வைத்தது. 1978ல் பான் ஆம் அதற்கு கிளிப்பர் க்ளாஸ் என்று பெயர் வைத்தது. 1979ல் தாங்கள் கொண்டுவந்ததுதான் உலகின் முதல் பிஸினஸ் க்ளாஸ் என்று குவாண்டாஸ் சொல்லிக்கொள்கிறது. 2000ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிஸினஸ் க்ளாஸிலேயே முழுசாகச் சாயும் படுக்கை போட்டது. இன்று அம்மாவுக்கு நான் தேடுவது அந்தப் படுக்கையைத்தான்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிஸினஸ் க்ளாஸ் பிறந்ததே சொகுசுக்காக இல்லை. தன் கைக்காசு போடாமல் கம்பெனிக் காசில் போகிறவருக்காக. அதன் விலையும் அவரை மனதில் வைத்துத்தான் போடப்படுகிறது. தூரத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே விலை ஏறும். அவர் இல்லாத இடத்தில், இல்லாத நாளில், அதே படுக்கை காலியாகப் போகும். காலியாகப் போவதைவிட யாருக்காவது குறைத்துக் கொடுக்கலாமே என்று கம்பெனி இறங்கி வரும். மலிவான பிஸினஸ் க்ளாஸ் ரகசியம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

கம்பெனிகள் போன பிறகு

கல்கத்தாவில் நடந்தது இதுதான். ஜெட் விமானங்களின் மூச்சு நீண்டது, பெட்ரோலுக்கு இறங்க வேண்டிய அவசியம் குறைந்தது. 1967க்குப் பிறகு கெராவ், கதவடைப்பு, நக்ஸல் கலவரம். ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் தலைமை அலுவலகத்தை பம்பாய்க்கும் டில்லிக்கும் மாற்றிக்கொண்டன. அப்பாவின் கம்பெனியும் போனது. கூடவே லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பங்கள் பல போயின. அப்பா போகவில்லை. "இந்த ஊர் எனக்குச் சோறு போட்டது" என்பார். வேறு வேலை தேடிக்கொண்டார்.

துரைகள் போனதும் விமானத்தின் முன்பக்கம் காலி. 2009 மார்ச்சில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கல்கத்தா சேவையை நிறுத்தியது. 2012 மார்ச்சில் லுஃப்தான்ஸா தன் பிராங்க்பர்ட் விமானத்தை நிறுத்தியது. அப்போது பேசப்பட்ட காரணம் ஒன்றுதான்: விமானம் நிறைகிறது, ஆனால் பின்பக்கம் மட்டும் நிறைகிறது, வரும்படி கட்டவில்லை. அந்த பிராங்க்பர்ட் விமானம் எனக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஏறினால் காலையில் வீடு. அது நின்ற அடுத்த வருடமே, 2013ல், டம் டம்மில் பளபளவென்று புது டெர்மினல் திறந்தார்கள். கொடுமையைப் பாருங்கள்!

ஒரு ஊரில் யார் வேலை பார்க்கிறார்கள் என்பதும், அந்த ஊர் அம்மாக்கள் நேரடி விமானத்தில் வர முடியுமா என்பதும் இப்படிச் சம்பந்தப்பட்டிருக்கிறது. முன்பக்கத்துத் துரை கொடுத்த காசில்தான் பின்பக்கம் நாமெல்லாம் நேரடியாகப் பறந்தோம்.

நாங்கள் சீட்டு பிடித்த கதை

சரி, அதே சரித்திரத்தை வைத்தே தேடினேன். 2025 ஜூலைப் பயணம். எனக்கு உதவியவை இவை:

ஒன்று, எங்கே தொடங்குகிறோம் என்பது. கட்டணம் புறப்படும் ஊரை வைத்துப் போடப்படுகிறது. அதே விமானம், அதே சீட்டு, பிராங்க்பர்ட்டில் தொடங்கிப் போய்த் திரும்பினால் ஒரு விலை, கல்கத்தாவில் தொடங்கினால் வேறு விலை. கம்பெனிக்காரர் குறைந்த ஊர் என்பதால் எங்கள் ஊருக்கு இங்கே ஒரு லாபம். முதல் பயணத்தை விட்டுவிட்டு நடுவில் ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், மீதி டிக்கெட் மொத்தமும் ரத்தாகிவிடும். இன்னொன்று, தனித்தனியாக ஒருவழி டிக்கெட்டுகள் வாங்குவதைவிடப் போகவரச் சேர்த்து வாங்குவது பெரும்பாலும் மலிவு.

இரண்டு, நேரடி வேண்டாம், மாறிப் போவது. நேரடி விமானத்துக்குத்தான் கம்பெனிக்காரர் அதிகம் கொடுப்பார். நடுவில் இறங்கி ஏறுபவரைத் தங்கள் பக்கம் இழுக்க வளைகுடாக் கம்பெனிகள் விலையைக் குறைக்கும். கல்கத்தாவிலிருந்து எங்களுக்கு எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும், அதில் நஷ்டமில்லை.

மூன்று, கூட்டத்துக்கு எதிர்த்திசை. ஜூலைத் தொடக்கத்தில் நம்மவர்கள் இங்கிருந்து ஊருக்குப் போவார்கள். அம்மா அப்போது அங்கிருந்து கிளம்பினால் முன்பக்கம் காற்று வாங்கும். ஐரோப்பியக் கம்பெனிக்காரர்களும் கோடை விடுமுறையில். திரும்பும் பயணத்தைத் துர்கா பூஜை நெரிசலுக்கு முன்னால், செப்டம்பர் முதல் வாரத்தில் போட்டேன். இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்திப் பார்த்ததிலேயே விலை நிறைய இறங்கியது.

நான்கு, விமான வகை. பிஸினஸ் என்று டிக்கெட்டில் இருந்தாலும் எல்லா விமானத்திலும் படுக்கை இருக்காது. சின்ன விமானங்கள் சிலவற்றில் கொஞ்சம் அகலமான நாற்காலி மட்டும்தான். காசு கொடுக்கும் முன் இரண்டு கட்டத்துக்கும் சீட் படத்தைப் பார்த்துவிடுங்கள். பணம் இடித்தால் ராத்திரியில் பறக்கும் கட்டத்துக்கு மட்டும் பிஸினஸ் எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். நடுத்தரமாக பிரீமியம் எகானமியும் உண்டு. 1992 வாக்கில் தைவானின் ஈவா ஏரும் லண்டனின் வர்ஜின் அட்லாண்டிக்கும் ஆரம்பித்து வைத்தது. ஆனால் அதில் கால் நீட்டலாமே தவிரப் படுக்க முடியாது.

ஐந்து, வரியும் ரத்தும். இந்தியாவில் தொடங்கும் டிக்கெட்டில் எகானமிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மேல் வகுப்புக்கு நாங்கள் வாங்கியபோது 12. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. முதலில் திரையில் தெரியும் விலையை நம்பாமல் கடைசித் தொகையைப் பாருங்கள். மிக மலிவான டிக்கெட் ரத்து செய்தால் பணம் வராது. வயதானவர்கள் விஷயத்தில் அது ஆபத்து. கொஞ்சம் கூடக் கொடுத்து, தேதி மாற்ற முடிகிற டிக்கெட் வாங்கினேன்.

ஆறு, எல்லாம் ஒரே டிக்கெட்டில். தனித்தனியாக வாங்கி ஒட்டுப்போட்டால் இன்னும் மலிவு என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. நல்லவேளை. ஜூன் 23ஆம் தேதி இரவு கத்தார் வான்வெளியைச் சில மணி நேரம் மூடினார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒரே டிக்கெட் என்றால் ஒரு கட்டம் போனாலும் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் நடு ராத்திரியில் வீல்சேரில் அம்மா, பெட்டி எங்கேயோ. மிச்சம் பிடித்த காசுக்கு அது ஈடாகாது.

வீல்சேருக்காக மட்டும் யாரும் பிஸினஸ் க்ளாஸ் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எகானமியிலும் முன்கூட்டிச் சொல்லிக் கேட்டுப் பெறலாம். படுக்கை தேவை என்றால் மட்டும் இந்தச் செலவு.

கடைசியில் எகானமியைப் போல இரண்டேகால் மடங்கில் கிடைத்தது. மலிவு என்று சொல்ல மாட்டேன். நானும் தங்கையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். அந்த வருடம் நாங்கள் குடும்பமாக ஊருக்குப் போகவில்லை. நாலு பேர் எகானமியில் போவதற்குப் பதில் ஒருவர் படுத்துக்கொண்டு வந்தார். கணக்கு நேராகிவிட்டது. அம்மாவிடமும் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் "சரி, வரேன்" என்றார்.

கிளம்பும் அன்று மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டது பக்கத்து ஃப்ளாட் பெங்காலிப் பையன்கள். "மாஷிமா, எங்களை மறந்துடாதீங்க" என்று கிண்டல் வேறு. லேக் கார்டன்ஸ் முழுவதும் அம்மா விமானத்தில் படுத்துக்கொண்டு போகிற சேதி பரவியிருந்தது.

பிராங்க்பர்ட்டில் வெளியே வந்தபோது காலைத்தான் முதலில் பார்த்தேன். வீக்கம் இல்லை. "தூங்கினியாம்மா?" என்றேன்.

"தூங்கினேன். சாப்பாட்டுக்கு வெள்ளைத் துணியெல்லாம் விரிச்சாங்கடா." கொஞ்ச நேரம் கழித்துக் காரில் கேட்டார்: "உங்கப்பா துரைக்கு டிக்கெட் வாங்கித் தருவாரே, அவங்கல்லாம் இந்த இடத்துலதான் உட்கார்ந்து போயிருப்பாங்களா?"

"கிட்டத்தட்ட இதேதாம்மா" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து போர்டிங் பாஸை எடுத்து, மடங்காமல் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் இருந்தார். பேரனுக்கு பெங்காலியில் நாலு வார்த்தையும் தமிழில் நாற்பது வார்த்தையும் கற்றுக்கொடுத்துவிட்டு, செப்டம்பரில் திரும்பிப் போனார்.

அடுத்த முறைக்கு இப்போதே உண்டியலில் காசு போட ஆரம்பித்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அம்மாவோ அப்பாவோ ஊரில் காத்திருந்தால், தேடிப் பாருங்கள். துரைகள் இல்லாத நாளில் அவர்கள் சீட்டு நமக்குக் கிடைக்கும்.